கூடு கழன்ற இடம்

என் மகள் லூர்து எதையும் தின்று கருவைக் கலைக்கவில்லை. இதை முதல் வரியிலேயே எழுதிவிடுகிறேன். தேனிச் சந்தையிலும், அவள் வாழப்போன பண்ணைப்புரத்துப் பக்கத்துக் கிராமத்திலும், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோயில் வாசலில் நிற்கும் கூட்டத்திலும் இதற்கு நேர்மாறான கதைதான் ஐந்து மாதங்களாக நடமாடுகிறது. அதைச் சொல்கிறவர்களில் ஒருவர்கூட மதுரை ஆஸ்பத்திரிக்கு அந்தப் பன்னிரண்டு நாட்களில் ஒரு நாளும் வந்து எட்டிப் பார்த்தவரில்லை. நான் அங்கே இருந்தேன். என்ன நடந்தது என்று எனக்குத் தெரியும். தெரிந்ததில் ஒரு பகுதியை நானே மறைத்தேன். அதையும் எழுதத்தான் போகிறேன்.

நான் பெண்கள் ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. என் கணவர் பருத்தி அரைக்கும் ஆலையில் எழுத்தர். லூர்து எங்களுக்கு ஒரே பிள்ளை. வயது பத்தொன்பது. எட்டாவது முடித்து ஆசிரியைப் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டியவள். சவரிமுத்து வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்தார்கள். பயிற்சி அடுத்த வருடம் ஆகட்டும் என்றார்கள். அதற்குப் பிறகு பயிற்சியைப் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை. சவரிமுத்துவின் மேல் எனக்குக் குறை எதுவும் இல்லை. கடலையும் சோளமும் போடும் குடும்பம். அதிகம் பேசாத பையன். லூர்துக்கு அவன்மேல் உயிர்.

பாஸ்குத் திருநாள், அதாவது ஈஸ்டர், முடிந்த செவ்வாய்க்கிழமை அவள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். வந்த அன்றே அடுப்படியில் என்னிடம் மட்டும் சொன்னாள், நாள் தள்ளிப்போய்ப் பதினைந்து நாளாகிறது என்று. மாமியாருக்குத் தெரியுமாம். மூன்று மாதம் நிறைகிறவரை வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்.

எங்கள் பக்கத்தில் இது ஒரு கட்டுப்பாடு. தலைப்பிள்ளை உண்டான செய்தி மாமியார் வாயிலிருந்துதான் முதலில் வெளியே வரவேண்டும். அதுவும் மூன்று மாதம் நிறைந்த பிறகு, வெற்றிலை பாக்கு வைத்து. அதற்கு முன் பெண் வீட்டார் யாரிடமாவது சொல்லிவிட்டால் சம்பந்தி வீட்டுக்கு அவமரியாதை. அதோடு கருவும் நிற்காது என்பார்கள். கொசுவால்தான் மலேரியா வருகிறது, காற்றால் அல்ல என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிற நான், சரி என்று தலையாட்டினேன். என் கணவரிடம்கூடச் சொல்லவில்லை.

நான்காம் நாள் அடிவயிற்றில் வலப்பக்கம் குத்துகிறது என்றாள். துணியில் கொஞ்சம் கறை பட்டிருந்தது, காப்பிக் கசடு போலக் கருப்பாக. படுத்துக்கொள் என்றேன். மறுநாள் காலையில் எழுந்து நின்றவள் சுவரோடு சரிந்தாள். முகத்தில் தண்ணீர் தெளித்ததும் விழித்தாள். பிறகு ஒரு விசித்திரமான வலியைச் சொன்னாள். படுத்தால் வலது தோள்பட்டையின் நுனி வலிக்கிறது, உட்கார்ந்தால் குறைகிறது. நான் தேங்காய் எண்ணெயைச் சூடுபண்ணித் தேய்த்தேன். பக்கத்து வீட்டுக்காரி, மாப்பிள்ளைக்குக் கஞ்சிக் கலயம் சுமந்து பழகாத தோள் என்று கேலி செய்தாள். லூர்துகூடச் சிரித்தாள். வயிற்றுக்குள் கசிந்த ரத்தம் மேலேறி, மூச்சை இயக்கும் தசைத் திரையில் பட்டால், அந்த வேதனை தோளில்தான் தெரியுமாம். அந்தத் திரைக்கும் தோளுக்கும் நரம்பு ஒரே இடத்திலிருந்து போகிறது. இதை மதுரையில் சொன்னார்கள். அதாவது நான் தோளில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தபோது என் மகளுக்கு உள்ளே ரத்தம் ஒழுகிக்கொண்டிருந்தது.

அன்றே மாட்டு வண்டியில் பக்கத்து ஊர் சர்க்கார் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். டாக்டர் புதிதாக வந்த இளைஞர். பின்னால் கம்பவுண்டர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். கதவு பாதி திறந்திருந்தது. வெளிப்பெஞ்சில் இரண்டு ஆண்கள். டாக்டர் மரியாதைக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டே, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா என்று என்னிடம் கேட்டார்.

“ஒழுங்காத்தான் வருது. இப்பக்கூட வந்துருக்கு” என்றேன்.

லூர்து என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்து அழுத்தினேன். பேசாதே என்று அதற்குப் பொருள். அவள் பேசவில்லை.

டாக்டர் சேலைக்கு மேலேயே வயிற்றைத் தொட்டுப் பார்த்தார். தபசு காலம் முழுதும் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டுப் பண்டிகைக்குக் கறி தின்றதால் வந்த மந்தம் என்றார். விளக்கெண்ணெய் கொடுக்கச் சொன்னார். ரோஸ் நிறத்தில் ஒரு மிக்ஸர் மருந்தும் கொடுத்தார். நாளைக்கும் வலித்தால் தாமதிக்காமல் மதுரைக்குக் கொண்டுபோங்கள் என்றார். அன்று மாலை விளக்கெண்ணெயை என் கையால் ஊற்றினேன். மாதமாக இருப்பவளுக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக் கூடாது என்று எனக்குத் தெரியும். எந்தப் பெண்ணுக்கும் தெரியும். ஆனால் ஊற்றாமல் விட்டால் ஏன் ஊற்றவில்லை என்று என் கணவர் கேட்பாரே. சொன்ன பொய்க்குப் பொருத்தமாக நடந்துகொண்டேன்.

விடிந்தபோது அவள் உதடு உரித்த பூண்டு போல இருந்தது. கை சில்லிட்டிருந்தது. நாடி எங்கோ ஓடிக்கொண்டிருந்தது. அக்கம்பக்கத்தார் கூடிவிட்டார்கள். சாமியாரைக் கூப்பிடுங்கள், உயிர் போகுமுன் அவஸ்தைப் பூசுதல் கொடுக்கட்டும் என்றார்கள். வாழ்நாளில் சத்தம்போட்டுப் பேசாத என் கணவர், “காரக் கூப்பிடுங்கய்யா மொதல்ல” என்று கத்திவிட்டு ஆலைக்கு ஓடினார். முதலாளி தன் காரையும் டிரைவரையும் கொடுத்தார். ஒரு கேள்வி கேட்கவில்லை. இருக்கையெல்லாம் பஞ்சு ஒட்டியிருந்தது. ஆண்டிப்பட்டிக் கணவாயில் எஞ்சின் சூடேறி நின்றது. நாங்கள் குடிக்கக் கொண்டுபோன தண்ணீரை டிரைவர் அதற்கு ஊற்றினார். லூர்து தண்ணீர் கேட்டாள். பானையில் இல்லை.

மதுரையில், பெண்களுக்கான மிஷன் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்த்தோம். சேர்த்தோம் என்று ஒரு சொல்லில் எழுதுகிறேன். வாசலில் இருந்த ஆள் முதலில் சீட்டு வாங்கி வரச் சொன்னான். சீட்டுக் கொடுக்கிறவன் காப்பி குடிக்கப் போயிருந்தான். கூடத்தில் நாற்பது பெண்கள் இருந்தார்கள். ஒருவரும் பேசவில்லை. ஒவ்வொருத்தியும் தன் வயிற்றைத் தானே பிடித்துக்கொண்டு சீட்டுக்காகக் காத்திருந்தாள். நான் அந்த ஆளோடு சண்டை போட்டுக்கொண்டிருந்தபோது, கோட்டயத்துப் பக்கத்து நர்ஸ் ஒருத்தி, ஏலியம்மா என்று பெயர், லூர்துவின் கண் இமையைக் கீழே இழுத்துப் பார்த்தாள். உள்ளே துளிச் சிவப்பு இல்லை. “மோளே, உறங்காதே” என்று சொல்லிக்கொண்டே அவள் தள்ளுவண்டியை இழுத்து வந்தாள். சீட்டு பிறகுதான் வந்தது.

டாக்டரம்மாள் தமிழச்சி, சென்னையில் படித்தவர். ஐம்பது வயதிருக்கும். வயிற்றில் கை வைத்தார், நாடி பார்த்தார், உடனே கேட்டார்: கடைசியாக விலக்கு எப்போது?

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்கே தெரியாது.

“அம்மா சொல்ல மாட்டாக” என்றாள் லூர்து. குரல் காற்றுப் போல வந்தது. “நாப்பத்தெட்டு நாளாச்சு டாக்டரம்மா. வீட்டுல யார்ட்டயும் சொல்லல.”

டாக்டரம்மாள் என்னைத் திட்டவில்லை. என்னைப் பார்க்கவே இல்லை. நர்சிடம் மேசையைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு நடந்தார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது சொல்லி ஆற்றிக்கொண்டிருப்பேன்.

இரண்டரை மணி நேரம் பெஞ்சில் இருந்தோம். மயக்க மருந்தின் இனிப்பு நாற்றம் கதவிடுக்கு வழியாக வந்துகொண்டிருந்தது. என் கணவர் மெதுவாகக் கேட்டார், நாற்பத்தெட்டு நாள் என்றால் என்ன என்று. அங்கே, அந்தப் பெஞ்சில்தான் அவருக்குச் சொன்னேன். மூன்று மாத விஷயம், சர்க்கார் டாக்டரிடம் சொன்னது, எண்ணெய், எல்லாம். அவர் எழுந்து போய்க் குழாயடியில் நின்றார். திரும்பி வரும்போது ஒரு தம்ளர் தண்ணீர் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.  

லூர்து பிழைத்தாள். எப்படிப் பிழைத்தாள் என்பதை எழுத வேண்டும், ஏனென்றால் இதைக்கூட நம்பாமல் சிரித்தவர்கள் உண்டு. வயிற்றுக்குள் தேங்கியிருந்த ரத்தத்தைக் கரண்டியால் அள்ளி, உறையாமலிருக்க ஒரு உப்பு நீர் சேர்த்து, மடித்த மெல்லிய துணியில் வடிகட்டி, அவளுடைய கை நரம்பு வழியாக அவளுக்கே திருப்பி ஏற்றினார்கள். வெடித்திருந்த வலப்பக்கக் குழாயைக் கட்டி எடுத்துவிட்டார்கள். கருப்பையும் இடப்பக்கக் குழாயும் நன்றாக இருக்கின்றன.

மூன்றாம் நாள், ஆபரேஷனுக்குப் பின் வந்திருந்த காய்ச்சல் அவளுக்குக் குறைந்ததும் எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் என்று இல்லை. வராந்தாவில் டாக்டரம்மாளை மறித்து, பிள்ளை தங்க வேண்டிய இடத்தில் தங்காமல் குழாயில் போய் எப்படி ஒட்டும், என் மகள் என்ன பாவம் செய்தாள் என்று கேட்டேன். அவர் தள்ளுவண்டிகள் போகிற அந்த வழியிலேயே நின்று எனக்குப் பாடம் சொன்னார். நான் பாடம் சொல்கிறவள் என்பதால், கேட்டதை வரிசை மாறாமல் எழுத முடிகிறது.

கருப்பைக்கு இரண்டு பக்கமும் மெல்லிய குழாய் உண்டு, ஒரு சாண் நீளம்கூட இல்லை. கரு உண்டாவது அந்தக் குழாயில்தான். கருப்பையில் அல்ல. எல்லாப் பெண்களுக்கும் அப்படியே. அப்போது அது மணலில் மிகப் பொடியான ஒரு பரல் அளவு. அதைச் சுற்றிக் கண்ணாடி போன்ற ஒரு கூடு இருக்கிறது. கூட்டுக்குள்ளேயே ஒன்று இரண்டாகிறது, இரண்டு நாலாகிறது. அப்படிப் பெருகிக்கொண்டே, குழாய் தள்ளிவிட, கருப்பையை நோக்கி உருண்டு வருகிறது. மூன்று நான்கு நாள் பயணம். வழியில் எங்கும் ஒட்டிவிடாமல் காப்பது அந்தக் கூடுதான்.

இந்த இடத்தில் ஏலியம்மா ஒரு தம்ளரைக் கொண்டுவந்து காட்டினாள். உடம்புச் சூடு தணிய நோயாளிகளுக்குக் கொடுக்கத் திருநீற்றுப்பச்சை விதையை ஊறவைத்திருந்தார்கள். கருப்பு விதை ஒவ்வொன்றையும் சுற்றி வழவழவென்று ஒரு தெளிந்த உறை. தம்ளரைச் சாய்த்தாள். ஒன்றும் ஒட்டவில்லை, எல்லாம் வழுக்கிக்கொண்டு போயின. இந்த மாதிரி என்றாள்.

கருப்பைக்கு வந்த பிறகு அந்தப் பரலுக்குள் நீர் கோத்து அது உப்புகிறது. உப்ப உப்பக் கூடு மெலிகிறது. ஒரு நாள் கிழிகிறது. உள்ளே இருப்பது நெளிந்து பிதுங்கி வெளியே வருகிறது, குஞ்சு வருவது போல. நாம் குஞ்சு பொரிப்பது கோழிக்கு மட்டும் என்று நினைக்கிறோம். பாலூட்டுகிற பிராணிகளும் முதல் வாரத்திலேயே ஒரு முறை கூட்டை விட்டு வெளியே வந்தவைதாம். முயலின் கருவை எடுத்து வைத்துப் பார்த்தவர்கள் எழுதியிருக்கிறார்களாம். மனிதக் கருவை அந்த நாட்களில் தான் கண்டதில்லை, கண்டவர்களையும் தெரியாது, ஆனால் வழி ஏறக்குறைய ஒன்றுதான் என்றார். தெரியாததைத் தெரியாது என்று அவர் சொன்னதால்தான் மற்றதை நான் நம்பினேன்.

கூட்டை விட்டு வந்ததும் அது எதைத் தொடுகிறதோ அதில் ஒட்டி வேர் விடும். கருப்பை என்றால் பிள்ளை. எப்போதோ வந்த காய்ச்சலாலோ வீக்கத்தாலோ குழாய் தழும்பேறிக் குறுகியிருந்தால், பயணம் பாதியில் நின்றுவிடும்.

“நாள் வந்தா கூடு கழண்டுரும்மா. எடம் வந்துருச்சான்னு அது பார்க்காது” என்றார் டாக்டரம்மாள். “குழாய் விரியாது. ஆறாவது, ஏழாவது வாரத்துல வெடிக்கும். ஒங்க மகளும் எதுவும் பண்ணல, அதுவும் எதுவும் பண்ணல. நேரத்தோட சொல்லியிருந்தா வெடிக்கிறதுக்கு முன்னாடியே எடுத்திருக்கலாம்.”

கடைசி வாக்கியத்தை அவர் கோபமில்லாமல்தான் சொன்னார்.

ஐந்தாம் நாள் சம்பந்தியம்மாளும் சவரிமுத்தும் வந்தார்கள். சம்பந்தியம்மாள் ஓலைக் கொட்டானில் பனங்கற்கண்டும் கடலையும் கொண்டுவந்திருந்தார். லூர்துவின் தலையைத் தடவினார், அழுதார். பேச்சு வாக்கில் லூர்து, மதுரைக்கு வருவதற்கு முந்தின நாள் விளக்கெண்ணெய் குடித்து வாந்தி எடுத்ததைச் சொல்லிவிட்டாள். சம்பந்தியம்மாளின் கை தலையிலிருந்து விலகியது. என்னை வராந்தாவுக்கு வரச் சொன்னார்.

“மாசமா இருக்கவளுக்கு வெளக்கெண்ணெயா குடுத்தீக?”

டாக்டர் கொடுக்கச் சொன்னார் என்றேன்.

“அவுகளுக்குத் தெரியாதாக்கும், புள்ள மாசமா இருக்கான்னு?”

 அந்த நேரத்தில் டாக்டரம்மாள் அந்தப் பக்கம் வந்தார். நான் அவரைப் பிடித்து நிறுத்தினேன். அவர் எனக்குச் சொன்னதை எல்லாம் சம்பந்தியம்மாளுக்கும் பொறுமையாகச் சொன்னார். கரு கருப்பையில் இருக்கவே இல்லை, விளக்கெண்ணெய் குடித்தாலும் குடிக்காவிட்டாலும் குழாய் வெடித்திருக்கும் என்றார். சம்பந்தியம்மாள் கைகட்டிக் கேட்டார். நீங்க படிச்சவுக, சொல்றீக, சரிதான் என்றார். டாக்டரம்மாள் போனதும் என் பக்கம் திரும்பினார்.

“எங்கன ஒட்டுச்சோ, அது கர்த்தருக்குத் தெரியும். எண்ணெய எதுக்குக் குடுத்தீக? அதச் சொல்லுங்க. பயிற்சிக்கு அனுப்பணும், டீச்சராக்கணும்னு கல்யாணத்தன்னைக்கே மூஞ்சியத் தூக்கிவச்சிருந்தீகள்ல. புள்ள வந்தா தடை. ஆத்தாளும் மகளும் பேசிக்கிட்டுக் குடிச்சிருக்கீக.”

அந்தச் சர்க்கார் டாக்டர் ஒரு முட்டாள், அவனுக்கு ஒரு எழவும் தெரியவில்லை என்று நான் கத்தினேன். கூடத்திலிருந்த பெண்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஒரு வாக்கியம் சொன்னால் போதும், நான் அவனிடம் மறைத்தேன் என்று. என் மகள்மேல் விழுந்த பழி அங்கேயே கழன்று என்மேல் வந்திருக்கும். எனக்கு அது தெரிந்தது. தெரிந்தும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், பிள்ளைகளின் தாய்மார், என் பெயர், இவையெல்லாம் அந்த நிமிடத்தில் நினைவுக்கு வந்தன. பெற்ற மகளைவிட அவை முன்னால் வந்து நின்றன.

பொண்ணை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு சம்பந்தியம்மாள் போனார். சவரிமுத்து போகவில்லை. இரண்டு நாள் ஆஸ்பத்திரி வேப்பமரத்தடியில் இருந்தான், லூர்துக்குச் சூடாகக் கஞ்சி வாங்கி வந்தான். அப்புறம் அவன் அண்ணன் வந்து கூட்டிப்போனார்.

லூர்து என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். ஏலியம்மா ஊட்டினால் சாப்பிடுவாள், நான் ஊட்டினால் வாயை மூடிக்கொள்வாள். ஒன்பதாம் நாள் தையல் பிரித்தார்கள். அன்று சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டு சொன்னாள்:

“நீ சொல்லாத வரைக்கும் நான் தின்னவதாம்மா.”

வீட்டுக்கு வந்தோம். நாள் கழிந்ததே தவிர அவளைக் கூட்டிப்போக எங்கள் வாசலுக்கு வண்டி எதுவும் வரவில்லை. கதை மட்டும் வந்தது, வரவரப் பெரிதாகி. பப்பாளிக்காய் என்றார்கள், எருக்கம்பால் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் ஒருத்தி தன் மகளை என் வகுப்பிலிருந்து மாற்றிக்கொண்டாள். என் கோபம் முழுவதையும் அந்த இளம் டாக்டர்மேல் இறக்கினேன். மேலதிகாரிகளுக்கு ஒரு மனு எழுதினேன். நான்கு பக்கம். சாகக் கிடந்த பெண்ணுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தவனை வேலையிலிருந்து நீக்க வேண்டும் என்று. என் கணவர் எழுத்து அழகாக இருக்கும், படியெடுத்துத் தரச் சொன்னேன். மூன்றாம் பக்கத்தில் பேனாவைக் கீழே வைத்தார்.

“அவுக கேட்டதுக்கு நீ என்ன சொன்னேங்கிறத இதுல எழுதலையே” என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். பிறகு மையைத் துடைத்துப் பேனாவை மூடினார். லூர்து உள்ளறையில் இருந்தாள். அவளுக்கும் கேட்டிருக்கும்.

அடுத்த சனிக்கிழமை பஸ் ஏறிச் சம்பந்தி வீட்டுக்குப் போனேன். என் கணவர் கூட வருகிறேன் என்றார், வேண்டாம் என்றேன். களத்தில் ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து கடலை ஆய்ந்துகொண்டிருந்தார்கள். சம்பந்தியம்மாள் நடுவில். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. அதுவும் நல்லதாகப் போயிற்று. நின்றுகொண்டே சொன்னேன். சர்க்கார் டாக்டர் கேட்டார், நான் விலக்கு வருகிறது என்று பொய் சொன்னேன். மாதம் மூன்று நிறையவில்லை, உங்கள் வாயிலிருந்துதான் வரவேண்டும், இரண்டு ஆம்பிளைகள் பெஞ்சில் இருக்கிறார்கள் என்று பொய் சொன்னேன். அதனால்தான் அவர் எண்ணெய் கொடுத்தார். லூர்துக்கு இதில் ஒரு பங்கும் இல்லை. அவளைச் சாகக் கொடுக்கப் பார்த்தது நான்.

 சம்பந்தியம்மாள் கையிலிருந்த கடலையைக் கீழே போட்டார். காறி உமிழ்வார், அடிக்க வருவார் என்று நான் எதிர்பார்த்தேன். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன்.

“இம்புட்டுத்தானா?” என்றார். “மொதல்லயே சொல்றதுக்கென்ன, சம்மந்தி? நானா இருந்தாலும் அப்பிடித்தான் சொல்லியிருப்பேன். வெளி ஆம்பிளகிட்ட வேற என்னத்தச் சொல்ல?”

சுற்றியிருந்த பெண்கள் ஆமாம் என்று தலையாட்டினார்கள். ஒருத்தி நகர்ந்து எனக்கு உட்கார இடம் விட்டாள். இன்னொருத்தி மோர் கொண்டுவந்தாள்.

ஐந்து மாதத்தில் எனக்கு வந்த கோபங்களிலேயே பெரியது அந்த மோர்ச் சொம்பைக் கையில் வாங்கியபோது வந்ததுதான். செய்யாத குற்றத்துக்கு என் மகளை இவர்கள் மாதக்கணக்கில் மன்னிக்கவில்லை. செய்த குற்றத்துக்கு என்னை ஒரு மூச்சு விடும் நேரத்தில் மன்னித்துவிட்டார்கள். ஏனென்றால் என் குற்றம் அவர்களுக்குக் குற்றமாகவே தெரியவில்லை. அவர்கள் ஒவ்வொருவரும் அந்தச் சர்க்கார் டாக்டர் மேசைக்கு முன்னால் நின்றால் தன் மகளின் கையை அழுத்தியிருப்பார்கள். அழுத்துவார்கள். நாளைக்கும் அழுத்துவார்கள். மோரைக் குடிக்காமல் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் சவரிமுத்து வண்டி கட்டிக்கொண்டு வந்தான். லூர்து என்னோடு அன்றுதான் பேசினாள். ரவிக்கையை மடித்து வைத்துக்கொண்டே, இனி நாள் தள்ளினால் அன்றைக்கே மதுரைக்குப் போவேன், அத்தைக்கு அப்புறம்தான் சொல்வேன், உனக்கு அதற்கும் அப்புறம் என்றாள். சரி என்றேன். சவரிமுத்து வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். மதுரைக்கு நானே கூட்டிட்டுப் போறேன் என்று அவளிடம் சொன்னான். அடுத்த முறை வரும்போது காட்டச் சொல்லி டாக்டரம்மாள் கொடுத்த கடிதத்தை அவள் தன் பைபிளுக்குள் வைத்து எடுத்துப்போனாள். இடப்பக்கக் குழாய் என்ன செய்யும் என்று யாருக்கும் தெரியாது.

மனுவைக் கிழித்துவிட்டேன். போன வாரம் அந்தச் சர்க்கார் டாக்டரைப் போய்ப் பார்த்தேன். கூட்டம் குறையும்வரை காத்திருந்து, யார் என்று சொல்லி, நடந்ததைச் சொன்னேன். அவருக்கு முகம் வெளுத்துப்போயிற்று. பிழைத்தாளா என்று இரண்டு தடவை கேட்டார். என்மேல் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருக்க வேண்டும். கம்பவுண்டரைக் கூப்பிட்டு அந்தக் கதவை முழுதாகச் சாத்தச் சொன்னார்.

நான் வெளியே வந்து வண்டிக்காக அதே பெஞ்சில் உட்கார்ந்தேன். ஒரு தாயும் மகளும் உள்ளே போனார்கள். மகளுக்குப் பதினாறு, பதினேழு இருக்கும். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, கதவு திறந்தது. கிழவி ஆயா ஒருத்தியை உள்ளே துணைக்கு நிறுத்தி, தாயை மட்டும் வெளியே அனுப்பினார்கள். கதவு மறுபடி சாத்திக்கொண்டது. அந்த அம்மாளுக்கு ஆத்திரம் தாங்கவில்லை. முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“பெத்தவள வெளிய அனுப்பிட்டுப் புள்ளைகிட்டக் கேக்கப் போறாகளாம்” என்றார். “எனக்குத் தெரியாதத அவகிட்ட என்னத்தக் கேக்கப் போறாக?”

“உங்களுக்குத் தெரிஞ்சதத்தான்” என்றேன்.